எதனோடு ஒப்பிட்டு? மென்பொருள் வானொலியில் கட்டத்தை அளப்பது குறித்து

சொல்லில் தொடங்கும் சிக்கல்

கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இணைத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன், சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்ப்பார். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுவார், சுழற்சி நேராகிவிடும். எந்த இரண்டு என்பது பொருட்டில்லை. மூன்று கம்பிகளையும் 'ஃபேஸ்' என்றே அழைக்கிறோம், 'ஒரு ஃபேஸ் போய்விட்டது' என்கிறோம், அந்தக் கம்பிக்குள் ஓடும் ஏதோ ஒரு சரக்கைச் சொல்வதுபோல. ஆனால் ஒரு கம்பியை மட்டும் தனியே எடுத்து எத்தனை நுட்பமான கருவியால் ஆராய்ந்தாலும் அது முதல் ஃபேஸா மூன்றாவதா என்று சொல்ல வழியில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி ஏறி இறங்குகின்றன என்ற உறவுதான் அங்கே இருக்கிறது. மோட்டாருக்குத் தெரிவதும் அந்த உறவின் வரிசைதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைக் 'கட்டம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'அவத்தை' என்கின்றன. இரண்டுமே ஒரு பொருள் இருக்கும் நிலையைச் சுட்டும் சொற்கள். உறவு என்ற சாயல் இரண்டிலும் இல்லை. இவற்றைவிடப் பஞ்சாங்கத்தின் 'திதி' கருத்துக்கு நெருக்கமானது. சந்திரன் சூரியனை விட்டு எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதை 12 பாகைக்கு ஒன்றாக எண்ணுவதே திதி. சூரியனை மறந்துவிட்டுச் சந்திரனுக்கு மட்டும் திதி சொல்ல முடியாது என்பது அந்தச் சொல்லின் இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. வானொலி அலையின் கட்டத்தைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் இந்த இலக்கணத்தை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் வானொலி பரவிய பிறகு அது இன்னும் எளிதாக நேர்கிறது.

மென்பொருள்வழி இயங்கும் ரிசீவர் ஒன்று சமிக்ஞையின் கட்டம் என்று ஓர் எண்ணைக் காட்டும்போது அந்த எண் உண்மையில் எதன் அளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நடப்பிலுள்ள புரிதல்களை மூன்று வகையாகக் காணலாம். நிரல் எழுதுவோர், ரிசீவரிலிருந்து வரும் ஒவ்வொரு மாதிரியும் ஒரு கலப்பெண் என்பதால் அதன் நீளம் வீச்சு, அதன் கோணம் கட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தகவல்தொடர்புப் பொறியாளர்களுக்குக் கட்டம் என்பது பின்தொடர்ந்து திருத்தப்பட வேண்டிய ஒரு தொல்லை. செய்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். அளவியலாரும் வானொலி வானியலாரும் கட்டத்தைத் தனியாக நம்புவதே இல்லை. வேறுபாடுகளை மட்டுமே கையாள்கிறார்கள். முதல் புரிதல் தவறு, மூன்றாவதே சரி என்பதும், அந்தத் தவறை விலை உயர்ந்த கருவி எதுவும் சரிசெய்யாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு மாதிரிக்குள் இருப்பது என்ன

2012 வாக்கில், தொலைக்காட்சி பார்ப்பதற்காக மலிவாக விற்றுவந்த யூஎஸ்பி டாங்கிள் ஒன்று இத்துறையின் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்த ஆர்டிஎல்2832யு என்ற சில்லு, தான் வாங்கும் அலையின் மாதிரிகளைப் பதப்படுத்தாமல் அப்படியே கணினிக்கு அனுப்பக்கூடியது என்று கண்டுகொண்டார்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று பெயர்பெற்ற அந்த டாங்கிளின் வழியைச் சற்றுக் கூர்ந்து பின்தொடர்வது பயன் தரும். பல மடங்கு விலையுள்ள ரிசீவர்களின் அடிப்படை வழியும் பெரும்பாலும் இதுவே.

ஆன்டெனாவில் விழும் அலை முதலில் ஆர்820டி என்ற டியூனர் சில்லுக்குப் போகிறது. அந்தச் சில்லு தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் சிறிய படிகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, பிஎல்எல் என்னும் கட்டப் பூட்டு வளையம் வேண்டிய அதிர்வெண்ணை ஆக்கித் தருகிறது. வந்த அலையும் உள்ளே ஆக்கிய அலையும் கலப்பியில் பெருக்கப்படுகின்றன. பெருக்கத்தில் அதிர்வெண்கள் கழிபடுவதால் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் வந்தது சில மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இறங்கிய அலையை ஆர்டிஎல் சில்லு நொடிக்கு 2 கோடியே 88 லட்சம் முறை அளந்து, எண் கணக்காகவே மேலும் ஒரு முறை கீழிறக்கி, வடிகட்டி, ஐ என்றும் க்யூ என்றும் பெயர்கொண்ட இரண்டு 8-பிட் எண்களாக யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. நொடிக்குச் சுமார் 24 லட்சம் இணைகள் வரை தடையின்றி வரும். ஐயை அகலமாகவும் க்யூவை உயரமாகவும் வைத்துக் கோணத்தைக் கணக்கிட்டால் கட்டம் கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

அந்தக் கோணத்தில் கலந்திருப்பவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருக்கத்தில் அதிர்வெண்கள் கழிபடுவதுபோலவே கட்டங்களும் கழிபடுகின்றன. ஆகவே கலப்பியைத் தாண்டி வருவது வந்த அலையின் கட்டம் ஆகாது. அதிலிருந்து உள் அலையின் கட்டத்தைக் கழித்தது. எண்வழிக் கலப்பி தன் பங்கைக் கழிக்கிறது. மாதிரியெடுப்பு எந்தக் கணத்தில் தொடங்கியது என்பது ஒரு கோணமாகச் சேர்கிறது. வடிகட்டிகளும் கேபிளும் அலையைத் தாமதப்படுத்துகின்றன. ஒவ்வொரு தாமதமும் ஒரு கோணம். இத்தனையும் ஒரே எண்ணில் கூடிக் கரைந்திருக்கின்றன. ஒரு ரிசீவரின் வெளியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் எது எவ்வளவு என்று பிரிக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. ஒரு சமன்பாட்டில் ஐந்து தெரியாதவை இருக்கின்றன என்பதே காரணம்.

கருவியின் நுட்பத்தையும் எண்ணின் பொருளையும் இங்கே வேறுபடுத்திக் காண வேண்டும். சமிக்ஞையின் திறன் இரைச்சலைப்போல் 100 மடங்கு இருந்தால் ஒரு மாதிரியிலிருந்து பெறும் கோணத்தில் தற்செயல் பிழை சுமார் 4 பாகை. 10,000 மாதிரிகளைச் சராசரி எடுத்தால் பிழை நூறில் ஒரு பங்காகச் சுருங்கி 0.04 பாகைக்கு வந்துவிடும். மலிவான 8-பிட் டாங்கிளுக்கும் இது எட்டாத இலக்கில்லை. ஆனால் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கினால் அதே நுட்பத்தோடு முற்றிலும் வேறோர் எண் நிலைகொள்ளும். பாகையின் நூற்றில் சில பங்கு வரை அசையாமல் நிற்கும் ஓர் எண், எந்தப் புள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது என்று தெரியாத எண்ணாகவே இருக்கிறது. சராசரி எடுப்பது சிதறலைக் குறைக்கும். தொடக்கப் புள்ளியைத் தராது.

யூஎஸ்பி வழியில் மாதிரிகள் தவறுவதும் கவனிக்கத்தக்கது. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கும் ரிசீவரில், மையத்திலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் விலகிய அலை 24 மாதிரிகளில் ஒரு சுற்று முடிக்கும். அதாவது மாதிரிக்கு 15 பாகை. கணினி வேறு வேலையில் மும்முரமாகி ஒரே ஒரு மாதிரியைத் தவறவிட்டால், அதற்குப் பின்வரும் கோணங்கள் எல்லாம் 15 பாகை தள்ளிப்போகும். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. கட்டத்தை அளப்பவருக்கு அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு தனித்தனி அளவீடுகள் ஆகிவிடுகின்றன. பெரும்பாலும் மாதிரிகள் தொகுதி தொகுதியாகத் தவறுவதால் எத்தனை போயின என்று எண்ணித் திருத்தவும் முடிவதில்லை.

கடிகாரத்தின் நடை

எல்லா அளவீடும் ஒப்பீடுதானே என்று ஒருவர் கேட்கலாம். துணியின் நீளத்தை மீட்டர் கோலோடு ஒப்பிடுகிறோம். அதனால் நீளம் என்பது துணியின் பண்பே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கட்டத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தனி விசாரணை? இது வலுவான மறுப்பு. விடை, ஒப்பிடும் கோலின் தன்மையில் இருக்கிறது. நேற்று ஒப்பிட்ட மீட்டர் கோல் இன்றும் மீட்டர் கோல்தான். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் முடிவிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிழை. அதிர்வெண்ணை அளக்கும்போதும் அப்படியே. கட்டமோ அதிர்வெண்ணின் தொடர் கூட்டல். அதில் பிழையும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும், எல்லை கிடையாது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கார் ரிமோட்டுகள் பல இயங்கும் 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரிசீவரின் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் உள் அலை சுமார் 434 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். அளந்த கட்டம் நொடிக்கு 434 முழுச் சுற்றுகள் சுற்றும், 2.3 மில்லிநொடிக்கு ஒரு சுற்று. வெப்பநிலை ஈடுசெய்த நல்ல படிகத்துக்கே ஏறத்தாழ இந்தக் கணக்கு. சாதாரணப் படிகங்கள் இதைப்போல் பத்துக்கணக்கான மடங்கு பிசகும். டாங்கிள் சூடாகச் சூடாகப் பிசகின் அளவும் மாறும். அனுப்பும் பக்கத்தில் இருக்கும் படிகமும் இதே போன்றதுதான். இந்நிலையில் அளந்த எண்ணைச் சமிக்ஞையின் கட்டம் என்று எழுதிவைப்பது, ஓடும் இரண்டு பேருந்துகளுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒரு பேருந்தின் முகவரியாக எழுதிவைப்பதற்கு ஒப்பானது.

இன்னும் ஆழமான காரணமும் உண்டு. எந்த அலையியற்றியிலும் வீச்சுக்கு ஒரு மீள்விசை இருக்கிறது. இரைச்சலால் வீச்சு சற்றுக் கூடினால் சுற்றமைப்பே அதை அடக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். கட்டத்துக்கு அப்படிப்பட்ட மீள்விசை ஏதும் இல்லை. இரைச்சல் அதை ஒரு பாகை முன்னே தள்ளிவிட்டால் அங்கிருந்தே பயணம் தொடரும். திரும்பி வர வேண்டிய 'சரியான' கட்டம் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. எனவே தனித்து ஓடும் அலையியற்றியின் கட்டம் தற்போக்கில் அலைந்துகொண்டே இருக்கும். அணுக் கடிகாரம் அந்த அலைச்சலை மிக மெதுவாக்கும். நிறுத்தாது. நீளத்துக்குச் சுழி என்ற இயல்பான தொடக்கம் உண்டு, அசையாத கோலும் உண்டு. கட்டத்துக்கு இரண்டுமே இல்லை. எல்லா அளவீடும் ஒப்பீடுதான் என்ற பொதுவுரை இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது.

பொதுக் கடிகாரத்துக்குப் பின்னும் மிஞ்சுவது

இரண்டு ரிசீவர்களை ஒரே கடிகாரத்தில் ஓட்டினால் இரண்டின் உள் அலையும் ஒன்றாக நடக்கும். கழித்துப் பார்த்தால் கடிகாரப் பிழை ஒழிந்துவிடும். இந்த எண்ணத்தில், ஒரு டாங்கிளின் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றின் படிகத்திலிருந்து கம்பி இழுத்து ஆர்வலர்கள் பலர் செய்து பார்த்த சோதனை இத்துறையில் முக்கியமான பாடமாக அமைந்தது. எதிர்பார்த்தபடி இரண்டு ரிசீவர்களின் அதிர்வெண்ணும் ஒன்றாயிற்று. கட்ட வேறுபாடு மட்டும் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறாக வந்தது.

காரணம் பிஎல்எல் வளையத்துக்குள் இருக்கிறது. படிகத்தின் முழுமடங்காக இல்லாத அதிர்வெண்களை ஆக்குவதற்கு அந்த வளையம் பின்ன வகுத்தலைக் கையாள்கிறது. அதன் எண்ணி எந்த நிலையிலிருந்து எண்ணத் தொடங்கியதோ அதைப் பொறுத்து உள் அலையின் கட்டம் அமையும். இரண்டு சில்லுகளும் ஒரே கடிகாரத்தைக் கேட்டாலும் வேறு வேறு நிலையிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அலைவரிசையை மாற்றி மறுபடி பழைய இடத்துக்கே வந்தாலும் பழைய கட்டம் வராது. போதாததற்கு, வகுத்தலின் ஒழுங்கு தரும் போலி அலைகளைச் சிதறடிக்கச் சில்லு வேண்டுமென்றே புகுத்தும் ஏற்ற இறக்கம், அணைத்துவைக்காவிட்டால், கட்ட வேறுபாட்டை மெல்ல நகர்த்திக்கொண்டேயிருக்கும். யூஎஸ்பி வழியில் இரண்டு ஓடைகளும் ஒரே மாதிரியிலிருந்து தொடங்குவதுமில்லை. பொதுக் கடிகாரம், வேறுபாடு காலப்போக்கில் மாறாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வேறுபாடு எவ்வளவு என்று சொல்லாது.

நான்கு அலைத்தடங்கள் கொண்ட கெர்பரோஸ்எஸ்டிஆரும், ஐந்து கொண்ட கிராக்கன்எஸ்டிஆரும் இதற்கு எடுத்துக்கொண்ட தீர்வை நெருங்கிப் பார்க்கலாம். பலகையிலேயே ஓர் இரைச்சல் மூலம் இருக்கிறது. கிராக்கன்எஸ்டிஆரில் அளவீட்டுக்கு முன் ஒரு சுவிட்ச் ஆன்டெனாக்களைத் துண்டித்து அதே இரைச்சலை எல்லா டியூனர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. இரண்டு தடங்களில் வந்த எண் வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு மாதிரியாக நகர்த்தி, எங்கே பொருந்துகின்றன என்று நிரல் தேடுகிறது. பொருந்தும் இடத்தில் மட்டும் கூட்டுத்தொகை திடீரென உச்சிக்கு எழும். எத்தனை மாதிரி நகர்த்தினோமோ அது தொடக்கப் பிசகு. உச்சியில் மிஞ்சும் கோணம் கட்டப் பிசகு. இந்த வேலைக்குச் சுத்தமான ஒற்றை அலையைவிட இரைச்சலே ஏற்றது. ஒற்றை அலை ஒவ்வொரு சுற்றுக்கும் தன்னோடு தானே பொருந்திவிடும். எந்தச் சுற்று என்று தெரியாது. இரைச்சல் ஒரே ஓர் இடத்தில்தான் தன்னோடு பொருந்தும். மற்ற எல்லா வேலையிலும் பகையாக நிற்கும் இரைச்சல் இங்கே அளவுகோலாகிறது.

ஆனால் இந்தத் திருத்தம் சுவிட்சோடு நின்றுவிடுகிறது. சுவிட்சுக்கு வெளியே இருக்கும் கேபிளும் ஆன்டெனாவும் கணக்கில் வருவதில்லை. பாலிஎத்திலீன் உட்பொதிந்த சாதாரண கேபிளில் அலை வெற்றிடத்தின் வேகத்தில் சுமார் 66 விழுக்காட்டில் செல்கிறது, 433.92 மெகாஹெர்ட்ஸில் கேபிளின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறத்தாழ 8 பாகை. ஐந்தில் ஒரு தடத்தில் மட்டும் கேபிள் 2 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் அந்தத் தடத்தின் கட்டம் 16 பாகை தள்ளிப்போகும். அரை அலைநீள இடைவெளியில், அதாவது சுமார் 35 சென்டிமீட்டரில், நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களைக் கொண்டு திசை கண்டால் இது நேர்முகத் திசையிலேயே 5 பாகைப் பிழையாகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிரான்ஸ்மிட்டரை வரைபடத்தில் ஏறத்தாழ 90 மீட்டர் விலக்கிக் காட்டும். பக்கவாட்டுத் திசைகளில் பிழை இன்னும் பெருகும். ஆகவே கட்ட வேறுபாட்டைச் சொல்லும்போது எந்த இடத்தில் வெட்டிப் பார்த்த வேறுபாடு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண் முழுமையாகாது. வெளியாகும் பல அளவீடுகளில் இந்த ஒரு வரிதான் விடுபட்டிருக்கிறது.

எதிர்வாதங்கள்

ஒரே ரிசீவர் கட்டத்தைப் பயன்படுத்திச் செய்தி எடுப்பது அன்றாடம் நடக்கிறதே என்பது ஒரு வாதம். பண்பலை வானொலியின் ஒலி, கட்டத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உண்மை. ஆனால் அங்கே நிரல் கணக்கிடுவது ஒரு மாதிரியின் கோணத்துக்கும் அதற்கு முந்தைய மாதிரியின் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை. அலை தன் சற்றுமுன் நிலையோடு ஒப்பிடப்படுகிறது. உள் அலையின் கட்டம் இரண்டிலும் பொதுவாக இருந்து கழிபட்டுப் போகிறது. 0, 180 ஆகிய இரு கட்டங்களில் பிட்டுகளை அனுப்பும் முறை இன்னும் தெளிவான சான்று. ஜான் காஸ்டஸ் 1956-இல் வெளியிட்ட வளையம், வந்த அலையிலிருந்தே ஒப்பீட்டு அலையை மீட்டுக்கொள்ளும். ஆனால் அது சரியான நிலையில் பூட்டிக்கொண்டதா, 180 பாகை தலைகீழாகப் பூட்டிக்கொண்டதா என்று அதற்கே தெரியாது. தலைகீழாகப் பூட்டினால் எல்லா 0-வும் 1 ஆகும். பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழிகள் இரண்டு. முந்தைய பிட்டிலிருந்து மாறியதா இல்லையா என்பதில் செய்தியை வைப்பது ஒன்று; இரு தரப்பும் அறிந்த ஒரு வரிசையை முதலில் அனுப்பி அதை வைத்து நிமிர்த்திக்கொள்வது மற்றது. ஒப்பீட்டை அலைக்குள்ளேயே பொதிந்து அனுப்பும் ஏற்பாடுகளே இரண்டும். செய்தி கிடைத்தது என்பதிலிருந்து தனிக்கட்டம் அளக்கப்பட்டது என்ற முடிவுக்கு வர இடமில்லை.

ஜிபிஎஸ் இதைவிடக் கனமான எதிர்வாதம். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதன் கட்டத்தை ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்குவரை அளந்து 2 மில்லிமீட்டர் அளவில் தூரம் காண்கிறார்கள். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. இது தனிக்கட்டம் ஆகாதா? ரிசீவரின் கடிகாரத்தில் ஒரு நானோநொடி பிசகினாலே அளந்த கட்டம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் பிசகும். எத்தனை முழுச் சுற்றுகள் கடந்து வந்தன என்பதும் அளவீட்டில் தெரியாது. ஆகவே நில அளவையாளர்கள் இரண்டு ரிசீவர்களையும் இரண்டு செயற்கைக்கோள்களையும் எடுத்துக்கொண்டு இரு முறை கழிக்கிறார்கள். ரிசீவர்களுக்கிடையே கழித்தால் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒழிகிறது. செயற்கைக்கோள்களுக்கிடையே கழித்தால் ரிசீவரின் கடிகாரம் ஒழிகிறது. கிடைக்கும் மில்லிமீட்டர் நுட்பம், அறிந்த இடத்தில் நிற்கும் அடிநிலையத்தை ஒட்டிய நுட்பம். அடிநிலையம் இல்லாமல் ஒரே ரிசீவரில் இடம் காணும் முறையும் இருக்கிறது என்று இங்கே வாதிடலாம். இருக்கிறது, ஆனால் அம்முறை, உலகெங்கும் பரவிய நிலையங்கள் கண்காணித்துக் கணித்த செயற்கைக்கோள் கடிகாரத் திருத்தங்களை வாங்கிக்கொண்டே இயங்குகிறது. அடிநிலையம் மறையவில்லை. உலகளவுக்குப் பரந்து, பயனர் கண்ணுக்குப் படாத கோப்பாக மாறியிருக்கிறது.

போதிய அளவு நல்ல கடிகாரம் கையில் இருந்தால் உலக நேரத்தோடு ஒப்பிட்ட கட்டத்தையே கட்டம் என்று சொல்லிவிடலாமே என்பது இறுதி வாதம். கொள்கையளவில் இதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பீடு, தனிப்பட்ட ஒப்பீட்டைவிடப் பயனுள்ளது. எண்களை வைத்துப் பார்த்தால் எல்லை தெரியும். உலக நேரத்தை 100 பைக்கோநொடிக்குள், அதாவது ஒளி 3 சென்டிமீட்டர் செல்லும் நேரத்துக்குள், ஒரு ரிசீவரிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நேர அளவியலில் அது அரிய சாதனை. ஜிபிஎஸ் அலைவரிசையில் அந்தப் பிழை 57 பாகை. அலைவரிசை கூடக்கூட இந்தக் கோணம் அதே விகிதத்தில் பெருகும். அது மட்டுமின்றி, கடிகாரம் பிழையே இல்லாததாக இருந்தாலும் ஆன்டெனாவுக்கும் கடிகாரத்துக்கும் இடையில் கேபிள் இருக்கிறது. ஆன்டெனாவுக்கு மேலே காற்று இருக்கிறது. இந்தக் காற்றைப் பற்றி வானொலி வானியலாரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது ஆன்டெனா

உதகைக்கு அருகே முத்தோரையில் 1970-இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் கட்டப்பட்டது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை வடக்கு. அதே அளவு சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேர்ந்து கட்டியதால் உருளையின் நீளம் புவியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. கிழக்கு மேற்காகத் தொலைநோக்கியை இயந்திரம் திருப்புகிறது. வடக்கு தெற்காக எதுவுமே அசைவதில்லை. குவியக் கோட்டில் வரிசையாக நிற்கும் 1056 டைபோல்களின் கட்டங்களைப் படிப்படியாகத் தள்ளிவைத்தால் பார்வை திரும்பிவிடும். அங்கே எந்த ஒரு டைபோலின் கட்டத்தையும் யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஒரு டைபோலிலிருந்து அடுத்ததற்கு எத்தனை பாகை ஏறுகிறது என்பதுதான் திசை. இன்றைய மென்பொருள் வானொலிகள் ஐந்து ஆன்டெனாக்களோடு செய்வதும் கொள்கையில் இதேதான்.

டைபோல்கள் ஒரே கட்டுமானத்தில் நிற்கும் வரையில் இது எளிது. புனேக்கு வடக்கே கோடத்தில் உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் சிதறி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இழைக் கேபிள், ஒவ்வொன்றின் மேலும் தனித்தனி அயனிமண்டலத் துண்டு. ஒவ்வோர் ஆன்டெனாவும் தெரியாத ஒரு கோணத்தைத் தன் அளவீட்டில் சேர்த்துவிடுகிறது. அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும் கோணம். இதற்கான வழியை ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தின் ரோஜர் ஜெனிசன் 1958-இலேயே வெளியிட்டிருந்தார். மூன்று ஆன்டெனாக்களை எடுத்துக்கொண்டு முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் உள்ள கட்ட வேறுபாடுகளை வட்டமாகக் கூட்ட வேண்டும். முதல் ஆன்டெனாவின் பிழை ஒரு வேறுபாட்டில் கூட்டலாகவும் மற்றொன்றில் கழித்தலாகவும் வருவதால் ஒழிந்துவிடுகிறது; மற்ற இரண்டின் பிழையும் அப்படியே. மிஞ்சும் கூட்டுத்தொகை வானத்தில் உள்ள மூலத்தின் வடிவத்தை மட்டுமே பொறுத்தது. கடிகாரமும் கேபிளும் மேலே மிதக்கும் காற்றும் அதில் நுழைய முடியாது.

இந்த வழியின் வலிமை ஆன்டெனாக்களின் எண்ணிக்கையோடு ஏறுகிறது. மூன்று ஆன்டெனாக்களுக்கு மூன்று வேறுபாடுகள், தெரியாத பிழைகள் இரண்டு, நம்பத்தக்க எண் ஒன்று. முப்பது ஆன்டெனாக்களுக்கு 435 இணைகள், தெரியாதவை 29, நம்பத்தக்கவை 406. தனிக்கட்டம் ஒன்றுகூடத் தெரியாத நிலையிலேயே உறவுகளில் 93 விழுக்காடு கைக்கு வந்துவிடுகிறது. ஐந்து தடங்கள் கொண்ட மலிவான வானொலிக்கு இதே கணக்கைப் போட்டால் பத்து இணைகளில் ஆறு. ஆர்வலர்கள் இந்த ஆறைப் போதிய அளவு பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் முதல் தடத்தை ஒப்பீடாக வைத்து நான்கு வேறுபாடுகளை எடுத்துக்கொண்டு, அந்த முதல் தடத்தின் கேபிள் பிழையை மற்ற நான்கிலும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

எம்87 விண்மீன்மண்டலத்தின் மையக் கருந்துளையின் படம் 2019 ஏப்ரலில் வெளியானபோது இந்தக் கணக்கு அதன் அடித்தளங்களில் ஒன்றாக இருந்தது. 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில், கண்டங்களுக்கு இடையே பரந்த தொலைநோக்கிகள் தத்தம் ஹைட்ரஜன் மேசர் கடிகாரத்தோடு 2017-இல் எண்களைப் பதிவுசெய்தன. பிறகு வட்டுகள் விமானத்தில் வந்துசேர்ந்து கணினியில் ஒப்பிடப்பட்டன. மனிதர் வைத்திருக்கும் மிக நிலையான கடிகாரங்களில் மேசரும் ஒன்று. ஆனாலும் ஒவ்வொரு நிலையத்தின் மேலும் உலவும் நீராவி, அந்த அலைநீளத்தில் சில விநாடிகளுக்குள் கட்டத்தைக் கலைத்துவிடுகிறது. கடிகாரத்தை மேலும் நயமாக்கி இதைச் சரிசெய்யவே முடியாது. வட்டக் கூட்டுத்தொகைகள் அந்த நீராவியைத் தாண்டி வந்தன. படத்தில் தெரிந்த ஒளி வளையத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒளிமிக்கது என்ற செய்தியைச் சுமந்து வந்தவற்றில் அவை முதன்மையானவை.

இதற்கு ஒரு விலை உண்டு. மூலம் வானத்தில் சற்றே இடம் மாறினால் ஒவ்வொரு கட்ட வேறுபாடும் மாறும். வட்டமாகக் கூட்டும்போது அந்த மாற்றமும் சேர்ந்து ஒழிந்துவிடும். வளையத்தின் வடிவம் அந்தக் கூட்டலில் தப்பியது, வானில் அது இருக்கும் துல்லியமான இடம் தப்பவில்லை. இடம் வேண்டும் என்றால் தொலைநோக்கியை அருகிலுள்ள ஒரு குவேசாரை நோக்கி மாற்றி மாற்றித் திருப்பி, அதன் கட்டத்தைக் கழிக்க வேண்டும். கிடைப்பது அந்தக் குவேசாரிலிருந்து எத்தனை விலகல் என்பது. குவேசாரின் இடத்துக்குச் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வான ஒப்பீட்டுச் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வழக்கிலிருக்கும் மூன்றாம் பதிப்பில் 4,536 வானொலி மூலங்கள் உள்ளன. அவற்றுள் 303 சட்டகத்தின் அச்சுகளைத் தாங்குபவை. அந்த 303-ன் இடங்களும் ஒன்றையொன்று பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன.